கோழிக்கு நாம் பட்ட கடன்

முட்டையிடும் கோழிக்குத்தான் அதன் வருத்தம் தெரியும் என்பது நாட்டுப்புறத்துப் பழமொழி. பிறர் உழைப்பை எளிதென எண்ணிப் பேசுவாரை இடித்துரைக்கவே இதனை வழங்குகிறோம். மூன்று நாள் முயன்று ஒருவர் எழுதிய அலுவலகக் குறிப்பை மற்றொருவர் மூன்று நிமிடத்தில் குறை கூறும்போது இப்பழமொழி நம் நாவில் தானே வந்து நிற்கும். ஆனால் பழமொழியில் வரும் கோழியை நாம் நினைப்பதில்லை. உவமைக்கு வந்த கோழி உவமையோடு போய்விடுகிறது. அக்கோழிக்கு உண்மையாகவே வருத்தம் நேர்ந்து, அது அதற்கு மட்டுமே தெரியும் என்றால், அருகில் நிற்கும் நாம் செய்யத்தக்கது யாது? இச்சிறு வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். காப்பியங்களையும் சங்கப் பாடல்களையும் ஆராயும் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு கோழி புகுவது பொருந்துமோ என அன்பர்கள் ஐயுறலாம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றும் இலக்கியம் கோழியை வாயிலில் நிறுத்தாது என்றே நம்புகிறோம்.

கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழி வளர்ப்போர் இக்காட்சியை அறிவர். காலையில் தீனிக்கு ஓடிவரும் கோழி ஒருநாள் வாராது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருக்கும். வால் தாழ்ந்திருக்கும். முட்டையிடும் இடத்திற்குப் போகும், வரும், முக்கும், முட்டை வெளிப்படாது. உள்ளே தங்கிவிட்டதோ என வீட்டார் ஐயுறுவர். ஐயமே ஒழியத் துணிவில்லை. அடைக்கு அமர விரும்பும் கோழியும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும். வயிற்றில் நீர் கோத்த கோழியும், கழிச்சல் கண்ட கோழியும் தொடக்கத்தில் ஏறத்தாழ இவ்வாறே தோன்றும். அடைக்கோழியை அணுகினால் சீறிக் கொத்தும். நோயுற்றதோ கையில் எடுத்தாலும் வாளாவிருக்கும். அனுபவமுடையோர் இவ்வேறுபாட்டைக் கொண்டு ஓரளவு உய்த்துணர்வர். எனினும் முட்டை உண்மையிலேயே சிக்கியிருந்தால் காத்திருக்கும் காலம் குறைவு. ஓரிரு நாளில் உயிர் போய்விடவும் கூடும்.

இவ்வருத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று காண்போம். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செல்கிறது. ஒவ்வோர் ஓட்டிலும் சுமார் 2 கிராம் கால்சியம் அடங்கியுள்ளது. உண்ட தீனியிலிருந்து அது போதாத இரவு வேளையில், கோழி தன் எலும்பிலிருந்தே சுண்ணச்சத்தைக் கரைத்தெடுத்து ஓடு கட்டுகிறது. அதே சத்துத்தான் முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவும் வேண்டும். ஆகவே சுண்ணச்சத்துக் குறைந்த கோழிக்கு இரட்டைத் துன்பம்: ஓடு மெலிந்து தோல்முட்டையாகிறது, அதைத் தள்ளும் வலிவும் தளர்கிறது. முட்டை அளவுக்கு மீறிப் பெரிதாயினும், கோழி முதிரும் முன்பே இடத் தொடங்கினும், கொழுப்பு மிகினும் இதுவே நேர்கிறது.

இமயத்தின் அடிவாரக் காடுகளில் இன்றும் திரியும் செந்நிறக் காட்டுக்கோழியே நம் வீட்டுக்கோழியின் முன்னோர். அக்காட்டுக்கோழி ஓராண்டில் இடுவது பத்துப் பதினைந்து முட்டையே. இட்டவற்றை 21 நாள் அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும், பின்னர் ஓயும். நம் நாட்டுக்கோழி அறுபது எழுபது இடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் முந்நூறு வரை இடும். பத்திலிருந்து முந்நூறு! இப்பெருக்கம் கோழி வேண்டிப் பெற்ற வரமன்று. அதிகம் இடும் கோழியையே தேர்ந்து, அதன் வழியையே பெருக்கி, நாம் செய்து வைத்த ஏற்பாடு இது. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்டு வளரும் குழந்தைகளை எண்ணும்போது இவ்வேற்பாட்டை முற்றும் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பயன் நம்முடையதாக, அதன் விலையைக் கோழியின் எலும்பு செலுத்துகிறது என்பதை மறைக்கவும் இயலாது.

ஆதலின் வருந்தும் கோழிக்கு உதவுவதை அருள் என்று கூறுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. அருள் என்பது கொடுப்பவன் விரும்பினால் கொடுப்பது; கொடாவிட்டாலும் எவரும் வழக்குத் தொடுக்கமாட்டார். நாமோ பெற்றுக்கொண்டிருப்பவர்கள். பெற்றவன் திருப்பிச் செய்வதைத் தமிழ் கடன் என்கிறது. வாங்கிய பணத்திற்கும் ஆற்றவேண்டிய கடமைக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர் வணிகரும் அறவோரும் ஒருங்கே ஆனவர் போலும்.

கடனாயின் அதைத் தீர்க்கும் முறையும் அறிந்திருக்க வேண்டுமன்றோ? இங்கேதான் பேகன் நமக்குத் துணையாகவும் எச்சரிக்கையாகவும் வருகிறான். மயில் குளிரால் நடுங்கியதென எண்ணி அவன் போர்வை ஈந்தான். அகவி ஆடும் மயிலுக்குப் போர்வை எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேளாமையையே கொடைமடம் என்று பெயரிட்டுப் புலவர் போற்றினர். மயிலுக்கு அதனால் நன்மையில்லை எனினும் தீமையும் இல்லை. போர்வையை உதறிவிட்டுப் போயிருக்கும். கோழி செய்தியில் அம்மடம் செல்லாது. இரக்க மிகுதியால் விரலை விட்டு முட்டையை இழுப்பாரும் உண்டு, வயிற்றை அழுத்துவாரும் உண்டு. உள்ளே ஓடு உடைந்தால் அதன் கூர்முனை குழாயைக் கிழிக்கும். சீழ் வைத்துக் கோழி மடியும். அன்பு குறைவால் மடிந்தது என்று அதைச் சொல்ல முடியாது.

அப்படியானால் துணிவில்லாத நிலையில் செய்வது எது? நம் கருத்தில் இதற்கு ஒரு நெறி உண்டு. நம் ஐயம் பிழையாக இருந்தாலும் கோழிக்குத் தீங்கு விளைக்காத உதவிகளை உடனே செய்யலாம். பிழையானால் திருத்த முடியாதவற்றில் கை வைத்தலாகாது. கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கோழியின் பின்பாதி நனையுமாறு கால்மணி நேரம் அமர்த்தலாம். பின் ஈரம் போகத் துடைத்து, மற்றக் கோழிகள் கொத்தாதவாறு தனியே, இருண்ட, சூடான இடத்தில் வைக்கலாம். குடிநீரும் கிளிஞ்சல் தூளும் அருகில் வைக்கலாம். அடைக்கோழியே ஆயினும் இவற்றால் அதற்கு வருவது சிறிது எரிச்சலே. மருந்து, ஊசி, முட்டையைக் குத்தி எடுத்தல் ஆகியவை கால்நடை மருத்துவர் கைக்கு உரியவை. சில மணி நேரத்தில் மாற்றம் காணாவிடின் அவரிடம் கொண்டு செல்வதே முறை.

கொண்டு செல்வது என்று எழுதுவது எளிது. டெல்லியில் அரசு ஊழியர் குடியிருப்பொன்றின் கீழ்த்தளத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நான்கு கோழிகள் வளர்த்தது. ஒன்றிற்கு இவ்வருத்தம் கண்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணத்தில் வேறு கோழியே வாங்கிவிடலாமே, அம்மா! இன்றே அறுத்துவிட்டால் கறியாவது மிஞ்சும்" என்றார். அவர் கொடியவர் அல்லர். தெரு நாய்களுக்கு நாள்தோறும் ரொட்டி போடுபவர். அவர் கணக்கும் தவறன்று. வீட்டம்மை சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, இது இட்ட முட்டைக்கு நாங்கள் காசு கொடுத்ததில்லையே" என்றார். கோழி துணிப்பையில் ஏறி மருத்துவரிடம் சென்றது. மறுநாள் ஓடற்ற தோல்முட்டை ஒன்று வெளிவந்தது. "இனி முட்டை வைக்குமா?" என்று பெரியவர் விசாரித்தார். "தீனி தின்கிறது" என்பதே விடையாக வந்தது.

இவ்விருவர் பேச்சில் நம் வினா முழுவதும் அடங்கியுள்ளதாகக் கருதுகிறோம். ஓர் உயிருக்குச் செலவிடத்தக்க தொகையை அதன் சந்தை விலை வரையறுக்குமா? கருவிக்கு வரையறுக்கும். பழுது பார்க்கும் கூலி புதியதன் விலையை மிஞ்சினால் மின்விசிறியை எறிந்துவிடுகிறோம், விசிறிக்கு வலிக்காது. வலிக்கும் ஒன்றை அவ்வாறு கணக்கிடுவது கணக்கில் ஒரு பத்தியையே விட்டுவிடுவதாகும். வசதியற்றவர் மருத்துவரை நாடவில்லை என்று குற்றம் சொல்ல நாம் முன்வரோம். மாதக் கடைசியில் நூறு ரூபாயின் அருமை நம்மனோர் அறியாததன்று. ஆயினும் வெந்நீருக்கும் இருட்டறைக்கும் எவ்வளவு செலவாகும்?

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேணவும் வேண்டாத துன்பத்தைத் தடுக்கவும் உரிய நடவடிக்கை எடுத்தல் கடமை என்கிறது. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. சட்டத்தில் வரும் பொறுப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் நாற்காலி மாறும்போது பொறுப்பேற்றதாகக் கையொப்பமிடுகிறோம். அந்நொடி முதல் முன்னவர் விட்ட நிலுவையும் நம்முடையதே. கோழியைக் கூட்டில் அடைத்து இரவில் கதவைத் தாழிடும் கையும் அத்தகைய கையொப்பமே இடுகிறது. காட்டில் அது தன் வழியைத் தானே பார்த்திருக்கும்.

எல்லா முயற்சியும் பயனற்றுப் போனால்? 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்றொன்று தீராத நோயால் துடித்தது. மருத்துவர் கைவிட்டார். காந்தியடிகள் நன்கு சிந்தித்து, ஊசியால் அதன் உயிரை முடிக்கச் செய்தார். அகிம்சை பேசியவரே கொலை செய்தார் எனக் கண்டனம் எழுந்தது. தம் செயல் அகிம்சைக்கு இயைந்ததே என்று அவர் தம் இதழ்களில் எழுதி விளக்கினார். கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த குறளைப் பயின்ற நமக்கு இது எளிதில் உடன்பாடாவதன்று. எனினும் கன்றின் துன்பத்தைக் காணப் பொறாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அருகிலேயே நின்றார் என்பதை நாம் மறுக்க இயலவில்லை. தீர வழியில்லை என மருத்துவர் உறுதி சொன்ன கோழியை மூன்று நாள் துடிக்கவிட்டு, நாம் கொல்லவில்லை என்று அமைதி கொள்வது தூய்மை ஆகுமா என்பதில் நமக்கு ஐயமே மிகுகிறது. அவசரத்தில், செலவுக்கு அஞ்சி, அறுத்துவிட்டு அதற்குக் கருணை எனப் பெயரிடுவதோ வேறு செய்தி.

நாளை உண்ணப்போகும் கோழியை இன்று காப்பது முரண் அன்றோ எனச் சிலர் நகைப்பர். புலால் உண்ணாதார் இவ்வினாவை எளிதில் கடந்துவிடுவர். ஆயினும் முட்டையும் உண்ணாதவராக இருந்தாலன்றி அவரும் கடனாளியே. உண்போர்க்கு நாம் கூறுவது இதுவே: என்றோ சாகும் என்பதற்காக வீட்டுப் பெரியவரின் பல்வலியை யாரும் விட்டுவைப்பதில்லை. இருக்கும் நாளின் வலி அந்நாளுக்கே உரியது.

வருமுன் காப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோழி முட்டையிடுதல் பகலொளியின் நீளத்தைச் சார்ந்தது. நாள் குறுகும் குளிர்காலத்தில் அது இயல்பாகவே ஓயும். எலும்பு மீளச் சத்துப் பெறும். பண்ணைகளில் இவ்வோய்வு வாராதிருக்க விளக்கெரித்து நாளைப் பதினாறு மணி நேரமாக நீட்டுவர். வட இந்தியக் குளிரில் கொல்லைக் கூட்டிலும் பல்பு தொங்கவிடுவோர் உண்டு, சூட்டுக்காக என்பர். சூட்டுக்கு வைக்கோலும் சாக்குத் திரையும் போதும். மேற்சொன்ன வீட்டில் மருத்துவர் அறிவுரைப்படி டிசம்பரில் பல்பைக் கழற்றிவிட்டனர். இரண்டு மாதம் ஒரு முட்டையும் இல்லை. நான்கு கோழிகளும் வெயிலில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தன. பிள்ளைகள் முட்டை கேட்டனர். வீட்டுத் தலைவர் முனைக்கடைக்குச் சென்று, ஹரியானாப் பண்ணையிலிருந்து வந்த முப்பது முட்டை அட்டையொன்றை வாங்கிவந்தார். அப்பண்ணையில் விளக்கு எப்போது அணையும் என்று வீட்டம்மை கேட்டார். அவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை.