கட்டாடின் மலைக்குப் போகும் வழி

ஒன்றை மெய்யாக நேசிப்பவன் அதனை எல்லோரும் எளிதில் அடையும்படி செய்ய வேண்டுமா, அன்றி அடைவதற்கு அரியதாகவே காத்து வைக்க வேண்டுமா என்னும் கேள்வி, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்தில், கட்டாடின் மலையை நோக்கிக் குளிர்காலத்தில் நடந்தது முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அம்மலையின் கிழக்குப் புறத்துக் குடைவில் ஒழுகும் நீர் உறைந்து, நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்கு நீலநிறச் சுவர்களாய் நிற்கிறது. அச்சுவரைத் தொடுமுன், பனி அகற்றப்படாத பாதையில், உணவும் கயிறும் ஏற்றிய சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு 15 மைல் தூரத்துக்குக் குறையாமல் போயாக வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகவே வைக்க வேண்டும். நீர் மேலிருந்து உறைவதால், நிமிர்த்தி வைத்தால் வாய் அடைத்துக்கொள்ளும். கடுங்குளிரில் பனிக்கட்டி நொறுங்கும் சுபாவத்தை அடைந்துவிடுவதால், கோடரியின் அலகு பதிவதற்குப் பதிலாகத் தட்டளவு சில்லு பெயர்ந்து மார்பின் மேல் விழுகிறது. ஆகவே ஒரே இடத்தில் பொறுமையாக மீண்டும் மீண்டும் கொத்தி, ஓசை மந்தமாகி, அலகு பிடித்துக்கொண்டதென்று காது சொன்ன பிறகே உடலின் பாரத்தை அதனிடம் ஒப்படைக்கலாம்.

இந்த அருமை தானாக நிலைத்ததன்று. பெர்சிவல் பாக்ஸ்டர் 1921 முதல் 1925 வரை மெயின் மாநிலத்தின் கவர்னராக இருந்தபோது, மரக் கம்பெனிகள், காகிதக் கம்பெனிகள் ஆகியவற்றின் கையிலிருந்த இம்மலையைப் பொதுச் சொத்தாக்கும்படி சட்டசபையை வேண்டித் தோற்றார். பதவி நீங்கிய பின், தம் சொந்தப் பணத்தைக் கொண்டு 1930-இல் சுமார் 6,000 ஏக்கரை விலைக்கு வாங்கி, மறு ஆண்டே மாநிலத்துக்குத் தானம் செய்தார். அதன் பிறகும் 1962 வரை, காத்திருந்தும் பேரம் பேசியும், துண்டு துண்டாக, மொத்தம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் ஆகும்படி சேர்த்து, அதன் பெரும்பகுதி என்றென்றைக்கும் இயற்கையான வனமாகவே விடப்பட வேண்டுமென்ற நிபந்தனையோடு கொடுத்தார். அனுபவிப்பதற்காக அன்றி, விட்டுவைப்பதற்காக நிலம் வாங்கிய மனிதரை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் வணங்குகிறது.

பத்திரங்கள் தோன்றுமுன்பே பெனாப்ஸ்காட் பழங்குடியினர் அம்மலையைப் புனிதமாகக் கொண்டு, பமோலா என்னும் தெய்வம் உறையும் உச்சியை மிதிக்க அஞ்சினர். சட்டத்தின் பாஷையில் பாக்ஸ்டர் எழுதியதையே பக்தியின் பாஷையில் அவர்கள் அநுசரித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அந்நிலம் அவர்கள் கையை விட்டுப் போன கதையும் இத்தானத்தின் அடியில் கிடக்கிறது என்பதை மறைக்க என் மனச்சாட்சி ஒப்பவில்லை.

வழியை இப்படி அரியதாகவே வைத்திருப்பது வலுவற்றவர்களுக்கு அநியாயமல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி அகலமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை. ஆனால் சாலை அகன்று, வாகனங்கள் பனிச்சுவரின் அடியில் வந்து நிற்குமாயின், வந்தவர்கள் காணப்போவது எதைக் காணப் புறப்பட்டார்களோ அதை அல்லவே. எனக்கும் முழங்கால் தளரும் பிராயம் நெருங்குகிறது. அவ்வழி எனக்கு அடைபட்டுப்போகும் நாளிலும், என் பொருட்டு அதனை ஒரு முழமேனும் அகலப்படுத்த வேண்டாமென்றே சொல்லுவேன்.