பறையை இறக்கி வைக்கும் உரிமை

பான் நகரின் மூன்ஸ்டர் சதுக்கத்தில் 1845இல் நிறுவப்பட்ட பீத்தோவன் சிலை நிற்கிறது. இந்நகரில் 1770இல் பிறந்த அவர், பின்னர் வியன்னாவில் வாழ்ந்தபோது ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார் பாடல்கள் 170க்கும் மேற்பட்டவற்றுக்குப் பக்க இசை எழுதிக் கொடுத்தார். எடின்பரோவிலிருந்த ஜோர்ஜ் தொம்சன் என்ற பதிப்பாளர் மெட்டுக்களைத் தபாலில் அனுப்பினார், பணமும் கொடுத்தார். பல மெட்டுக்கள் சொற்கள் இல்லாமலே வந்தன. சொற்களையும் அனுப்பும்படி பீத்தோவன் கேட்டெழுத வேண்டியிருந்தது. பதிப்பாளரின் பெயரும் இசைமேதையின் பெயரும் நிலைத்துவிட்டன. வயலிலும் அடுப்படியிலும் அவற்றைப் பாடிக் காத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்கு வந்து சேரவில்லை.

பெயர் எழுதப்பட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா? முதலாம் உலகப்போரின்போது, 1915 முதல் 1918 வரை, ஜேர்மனிய அறிஞர் குழுவொன்று போர்க்கைதிகளின் முகாம்களுக்குச் சென்று அவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்தது. பிரித்தானியப் படையில் சேர்ந்து பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களும் அவர்களில் இருந்தனர். பாடியவரின் பெயர், ஊர், வயது எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டன. அந்தப் பதிவுகள் இன்றும் பேர்லினில் இருக்கின்றன. ஆனால் முள்வேலிக்குள் இருக்கும் ஒருவனிடம் "பாடு" என்றால், "மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் அவன் இருந்தானா? நாட்டார் கலை ஆய்வின் அறக்கேள்வி இந்த "மாட்டேன்" என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை அப்படி வந்தவை. படித்தவர்கள் இழிவாகப் பார்த்த கூத்துக்கு மதிப்பு வந்தது. அது நல்ல காரியம். ஆனால் கூத்தையும் பறையையும் "நாட்டார் கலை" என்ற ஒரே பெட்டிக்குள் போடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கூத்தை ஊர் தன் விருப்பத்துக்கு ஆடியது. பறை அப்படியல்ல. மேல்சாதிக்காரனின் செத்தவீட்டுக்குப் போய் அடித்தே தீரவேண்டும் என்று பிறப்பால் சுமத்தப்பட்ட குடிமைத் தொழில் அது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே மட்டக்களப்புப் பிரதேசத்துப் பறையர் பற்றி 1983இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இரண்டு சொற்களை வைத்தார்: ஒன்று உடன்பாடு, மற்றது நிர்ப்பந்தம். எமது கலை ஆர்வலர்கள் இரண்டாவது சொல்லை மறந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்தோடு தீண்டாமை ஒழிப்புப் போராட்டம் வீச்சுப் பெற்றது. குடிமைத் தொழிலை உதறுவதும் அந்த விடுதலை உணர்வின் பகுதியே. பறையை இறக்கி வைத்தவனுக்கு அது கலையின் அழிவல்ல, முதுகு நிமிர்ந்த நாள். அவனிடம் போய், "ஐயோ, எங்கள் மரபு அழிகிறதே, உன் மகனுக்கும் பழக்கு" என்று கேட்பதற்கு நாம் யார்? நான் இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். நாளைக்கே விட்டுவிட்டால் ஒரு மரபு அறுந்ததென்று ஒருவரும் அழப்போவதில்லை. என் பிள்ளையும் கோப்பை கழுவப் பிறந்தவன் என்று எவரும் சொல்வதில்லை. தொழிலுக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை இலேசாகத் தள்ளமுடியாது. குற்றம் சாதியினுடையது, தோற்கருவியினுடையதல்ல. பல தலைமுறைகள் கைகளில் வளர்த்த தாள அறிவை ஏன் சாகவிடவேண்டும்? தமிழ்நாட்டில் தலித் கலைஞர்களே பறையைத் தங்கள் எதிர்ப்பின் குரலாக எடுத்து அடிக்கிறார்களே? உண்மைதான். ஆனால் அங்கே எடுத்தவர்கள் அவர்கள். இறக்கி வைப்பதும் மீண்டும் எடுப்பதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள். அந்த முடிவை வேறொருவர் எடுத்துக் கொடுக்கமுடியாது, அவர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்ட ஆய்வாளரானாலும்.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர் தாளக்கட்டை மட்டுமல்ல, எவருக்காக, எந்தக் கூலிக்கு, எந்த வாசலில் நின்று அடித்தார்கள் என்பதையும் பதியட்டும். மறுத்தவரின் மறுப்பையும் பதியட்டும். அதுவும் அந்தக் கலையின் வரலாறுதான்.

புலம்பெயர்ந்த மேடைகளில் இன்று பறை தமிழரின் ஆதி இசைக்கருவி என்று முழங்குகிறோம். எமது பிள்ளைகள் அதை ஆசையோடு அடிக்கிறார்கள்; அடிக்கட்டும். ஆனால் அதே மண்டபத்தில் ஒரு கலியாணப் பேச்சு எழுந்தால், "அவையள் என்ன ஆக்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். இந்தக் கேள்வியை விடாமல் பறையை மட்டும் காப்பாற்றினால், நாம் காப்பாற்றியது தோலையும் கட்டையையும்தான்.