பணம் தர மறுத்த உதவி

இல்லாதவருக்குக் கொடுப்பது நன்று என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், கேட்டவருக்குப் பணம் தர மறுப்பதும் உதவியாகுமா?

கராச்சி நகரின் ஓரத்தில் ஒராங்கி என்னும் பெருங்குடியிருப்பு உண்டு. பிழைப்புத் தேடி வந்தோர் தாமே வீடு கட்டிக்கொண்ட இடம். கழிவு நீர் சந்துகளிலேயே ஓடிற்று. 1980இல் அங்கே பணி தொடங்கிய அக்தர் ஹமீத் கான், ஐ.சி.எஸ். பதவியை உதறிவிட்டுப் பூட்டுத் தொழிலாளியாகவும் சிறிது காலம் உழைத்தவர். வரைபடமும் கருவியும் யோசனையும் தருவதோடு அவருடைய அமைப்பு நின்றுகொண்டது, பணம் தரவில்லை. இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்தினர் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து, பணம் திரட்டி, குழாய் பதித்தனர். ஒப்பந்தக்காரரின் இலாபம் நீங்கவே செலவு பல மடங்கு குறைந்தது. முகம் கொடுத்துப் பேசாத அண்டை வீட்டாரும் பேச வேண்டியதாயிற்று. அடைப்பு இருவருக்கும் பொதுவல்லவா!

அப்படியானால் அரசு கைகழுவிவிடலாமா? கூடாது. சந்துக் குழாய்கள் சென்று சேரும் பெருங்கால்வாயை அமைப்பது அரசின் கடமை என்றே அவர்களும் வாதாடினார்கள். அக்தர் ஹமீத் கானோடு உழைத்து, அவருக்குப் பின்னும் பணியைத் தொடர்ந்த பர்வீன் ரஹ்மான் என்னும் கட்டடக் கலைஞர் 2013இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் குடியிருப்பு நிலங்களை வரைபடமாக்கி வந்தவர் அவர்.

ஒன்றுமட்டும் நம்மை உறுத்துகிறது. தன் பங்கைத் தர இயலாத ஒரு கைம்பெண் அந்தச் சந்தில் இருந்தால்? அங்கே கொடுக்கத்தான் வேண்டும் என்பது நம் எண்ணம். ஆனால் கொடுப்பவர், வெளியூரிலிருந்து பெயர்ப் பலகையோடு வரும் நாமா, அடுத்த வீட்டுக்காரரா?