தெப்பத்தில் யாருக்கு இடம்?

சோழமண்டலக் கரைக்கு அரபு மக்கள் இட்ட பெயர் 'மஅபர்'. கடந்து செல்லும் துறை என்பது அச்சொல்லின் பொருள். ஈழத்தீவுக்கும் நம் கரைக்கும் இடைப்பட்ட கடல் குறுகியதே, ஆயினும் எளியதன்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-இல் தொடங்கிய கப்பல் வழியை 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்தது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் விடப்பட்ட கப்பலும் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் புறப்பட்டது.

இக்கடலைத் தீவிலிருந்து கடந்தவர்களுள் உலகறிந்த பயணி இப்னு பதூதா. 1344-ஆம் ஆண்டளவில் அவர் புத்தளத்திலிருந்து மஅபரை நோக்கிக் கப்பலேறினார். காற்று மிகுந்து, கப்பல் ஆழங்குறைந்த திட்டுகளில் அகப்பட்டது. பாய்மரத்தை வெட்டி எறிந்த மாலுமிகள் தெப்பம் ஒன்றைக் கட்டினார்கள். கரையோ ஆறேழு மைல் தொலைவில் இருந்தது.

அவருடன் தோழர் இருவரும் அடிமைப் பெண்கள் இருவரும் இருந்தனர். அவர் தெப்பத்தில் இறங்க முற்பட்டபோது, தங்களைக் கைவிட்டுச் செல்வதா எனத் தோழர்கள் வினவினர். உடனே அவர் பின்வாங்கி, தோழர்களையும் தாம் நேசித்த பெண்ணையும் தெப்பத்தில் அனுப்பினார். மற்றொரு பெண், தனக்கு நீந்தத் தெரியும் என்று கூறித் தெப்பத்தின் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீந்தினாள். நீர் ஏறிக்கொண்டிருந்த கப்பலின் பின்புறத்தில் விடியும்வரை அமர்ந்திருந்தார் அப்பயணி.

தன்னினும் பிறரை முற்படுத்தும் இப்பண்பை நம் மார்க்கம் 'ஈதார்' எனப் போற்றுகிறது. மதீனத்து அன்ஸாரிகளின் அணிகலன் அது. எனினும், நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தன் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவ்வாறாயின், தம்மை நம்பி வந்தவர்களுக்கு இடம் விட்டது தியாகமா, கடமையா? அவர் பெயர் சொல்லி அனுப்பியவர்களுள் நீந்திய பெண் இல்லையே! ஒருவருடைய ஆற்றல், அவரை ஆபத்தில் விடுவதற்கு நியாயமாகுமா? அவளுடைய துணிவைப் புகழ்வது எளிது. தெப்பத்தில் அவளுக்கு ஏன் இடமில்லை என்று கேட்பதே அறம்.

ஆயினும், இவ்வரலாற்றில் நம் நெஞ்சை அதிகம் தொடுவது மறுநாள் காலை நிகழ்ந்ததே. கரையிலிருந்து சிலர் படகில் வந்து, எஞ்சியோரைக் கரை சேர்த்தனர். பனையின் பழமும் மீனும் தந்து பேணினர். அவர்கள் மாற்றுச் சமயத்தார். அந்நாளில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அம்மக்கள்மீது இழைத்த கொடுமைகளை இப்னு பதூதாவே கண்டித்து எழுதியிருக்கிறார். அத்தகைய ஆட்சியாளரின் சமயத்தவர் கடலில் தத்தளிக்கையில், பாராதவர் போல் இருந்துவிட அம்மீட்பர்களுக்குக் காரணம் இருந்தது. எனினும் படகைச் செலுத்தினார்கள். இடம் விட்டவரின் பெயரை உலகம் அறியும். துடுப்பிட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

2015 டிசம்பரில், பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் உள்ள நம் பெருங்குடியையும் அதன் சுற்றுப்புறங்களையும் வெள்ளம் சூழ்ந்தது. அப்போது தென்சென்னைத் தெருக்களுக்குள் படகுகளைக் கொண்டுவந்தவர்கள் கடலோரக் குப்பத்து மீனவர்களே. படகில் ஏற்றும்முன் எவரையும் அவர்கள் சமயம் கேட்கவில்லை. அவ்வெள்ளத்தில் பள்ளிவாசல்களும் தம் கதவுகளைத் திறந்து வைத்தன.

தம்மவருக்கு இடம் விடுதல் நற்பண்பு, அதனைப் பேணுவோம். ஆனால், தமக்கு எவ்வகையிலும் கடமைப்படாதவரிடமிருந்து பெற்ற உதவியை எவ்வாறு திருப்பிச் செலுத்துவது? பெயரறியாதவரைத் தேடிச் சென்று கைம்மாறு செய்ய இயலாது. ஆகவே, நம்மைச் சாராத வேறொருவர் நீரில் தவிக்கும்போது, அவர் யாரென்று விசாரிப்பதற்கு முன்பே கயிற்றை நீட்டுவோமாக. அந்தக் கடன் நம் தலைமேல் அறுநூற்றெண்பது ஆண்டுகளாக நிற்கிறது.