மருந்துண்பது வினைக்கு அஞ்சுவதா?

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜினாலயத்தில் விழுந்து வணங்கி எழுகையில், எம் இடுப்பில் தோன்றிய வலி இடக்காலின் பெருவிரல்வரை இறங்கிற்று. எட்டுத் திங்கள் மருத்துவரிடம் செல்லவில்லை. அசாதாவேதநீயம் உதயமாயிற்று, அதை நுகர்ந்து கழிப்பதே உதிர்ப்பு என்றிருந்தோம்.

உண்மையைச் சொன்னால், அது பொறுமையன்று. இரவெல்லாம் வலியையே நினைந்தோம், இல்லத்தாரிடம் சீறினோம். வலி நீங்காதா என்று ஓயாது ஏங்குவதைத் தத்துவார்த்த சூத்திரம் ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாகக் கூறுகிறது. பழவினை உதிர்ந்ததோ என்னவோ, புதுவினை ஊறியது மெய்.

இருபத்திரண்டு பரீஷஹங்களுள் நோயும் ஒன்று. ஆனால் அவற்றை வெல்லுதல் முனிவர்க்கு ஓதிய அறம். நோயுற்ற முனிவர்க்குப் பணிசெய்தலோ அகத்தவங்களுள் வைத்தெண்ணப்படுகிறது. இல்லறத்தார்க்குரிய நால்வகைத் தானங்களுள் மருந்துக்கொடை ஒன்று. உண்பது குற்றமெனில் ஈவது எங்ஙனம் அறமாகும்? ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்துகளின் பெயரையே அறநூல்களுக்கு இட்டவர்களும் நம் முன்னோர்தாமே!

பின்னர்ச் சென்ற மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகள் வயதேற நீர்ப்பசை குன்றித் தேய்கின்றன. அவற்றிற்கு இரத்தக் குழாய்கள் அரிது. உடல் அசைவாலேயே ஊட்டம் பெறுகின்றன. ஆகவே படுத்தே கிடத்தல் தீது. வலியே இல்லாத பலர்க்கும் படத்தில் இத்தேய்வு தெரியுமாம். பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படுவதில்லை. ஆனால் கால் வலிமை இழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுமீறினாலோ, அமருமிடம் மரத்தாலோ அன்றே மருத்துவமனை சேரவேண்டும். இதில் எம்மைப்போல் எட்டுத் திங்கள் காத்திருப்பது பேதைமை.

நாம் ஆராய வேண்டிய வினா வேறு: எம்மருந்தை உண்பது? மாத்திரைக் கூடுகள் பல ஜெலட்டினால், அதாவது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுத்த பொருளால் ஆனவை. மூட்டுக்கென்று தரும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. இவற்றைக் கேட்டறிய நாணவேண்டியதில்லை. யாம் கேட்டபோது மருத்துவர் நகைக்கவில்லை. கூடற்ற மாத்திரையாக மாற்றியெழுதினார். வலிமருந்து வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதால், மாலைப் பொழுது சாயுமுன் உணவோடு கொள்ளுமாறு வேளையையும் அமைத்தார். இரவுண்ணாமை நோன்புக்கு இடையூறில்லை.

வலி முற்றும் தீரவில்லை, தேய்ந்தது மீளாதாம். இன்று யாம் விழுந்து வணங்குவதில்லை. நின்று கைகூப்பி, மும்முறை வலம் வருகிறோம். நடப்பது நன்றென்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.