ஈரத் தானியத்தை மேலே வைத்தல்



சித்திரக்காரர்களும் கட்டிடம் வரைகிறவர்களும் இக்காலத்தில் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். "இது முகஸ்துதி அல்லவா? செய்ததைச் சொல்லிக் காட்டினால் நன்மை போய்விடுமே" என்று கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலுக்குத் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் பெயரைச் சூட்ட நினைத்தபோது, அவர் வேண்டாமென்று மறுத்துவிட்டார். அது 1965 ஆகஸ்டு 27-ம் தேதி திறக்கப்பட்டது. வரைந்தவர்களில் ஒருவரான பஹாருத்தீன் அபூ காசிமின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் பெரிய கூரை விரித்த குடை, 73 மீட்டர் மினாரா மடக்கிய குடை என்று விளக்கிச் சொல்ல ஆளில்லாவிட்டால், வழக்கமான குப்பாவை ஏன் விட்டார்கள் என்று நாம் குறைதானே பேசுவோம்? ஆகவே பேசுவது குற்றமல்ல. எதைப் பேசுகிறோம் என்பதே விஷயம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். இந்த ஹதீஸ் நமக்கு மட்டுமா?

எகிப்தில் ஹஸன் ஃபத்ஹி என்ற கட்டிடக் கலைஞர் இருந்தார் (1900–1989). லக்ஸர் அருகே பழங்காலக் கல்லறைகளின் மேல் வசித்த ஏழைகளுக்காக, 1940-களில் மண் செங்கல்லால் புதிய குர்னா கிராமத்தைக் கட்டினார். பள்ளிவாசலும் சந்தையும் அழகாக எழுந்தன. ஜனங்களோ குடிவர மறுத்தார்கள். அவர்கள் பிழைப்பு அந்தக் கல்லறைகளை ஒட்டியே இருந்தது. கிராமம் பாதியில் நின்றது. ஃபத்ஹி இதை மறைக்காமல் 1969-ல் புத்தகமாகவே எழுதினார். அதில் அதிகாரிகளைக் கொஞ்சம் அதிகமாகவே சாடுகிறார். போகட்டும், ஈரத்தை மேலே வைத்தாரே!

நம் ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் பக்கத்தில், தெலுக் இந்தானில், 1885-ல் லியோங் சூன் சியோங் கட்டிய மணிக்கூண்டின் கோணல் ஊருக்கே தெரியும். மற்றக் கட்டிடங்களின் கோணல் உள்ளே அல்லவா இருக்கிறது?

சொல்ல வெட்கமாயிருக்கிறது: கூரை ஒழுகி நனைந்த அரிசியை ஒரு முறை காயவைத்து, நல்லதோடு கலந்து விற்றவன்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கூரையைப் போட்டவர் முகப்பின் அழகை மட்டும் ஒரு மணி நேரம் வர்ணித்தார். ஒழுகும் இடத்தைச் சொல்லவில்லை. வாங்கியவரிடம் நானும் சொல்லவில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "வாங்கியவர் யார், நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.