இந்த நூலும் அந்த நூலும்

"இந்த நூலு எங்களோட போவட்டும்டா கண்ணு, நீ ஒழுங்கா படி."

பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள விசைத்தறி வீடுகளில் ஏதாவது ஒரு வடிவில் கேட்கிற பேச்சு இது. கேட்கும் பிள்ளையின் மடியில் இருப்பதும் நூல்தான். ஆனால் வீட்டில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது புத்தகம், இல்லாவிட்டால் புக்கு. புத்தகத்துக்கு நூல் என்று பெயர் இருப்பது தமிழ்ப் பாடத்திலும் நூலகத்துப் பெயர்ப்பலகையிலும்தான் தெரியவரும். தறியில் ஓடும் இழைக்கும் படிக்கிற ஏட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஒன்றைவிட்டு ஓடி இன்னொன்றைப் பிடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

திருத்தணி மலையடிவாரத்திலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று தறிச்சத்தம் விடாமல் கூடவே வரும். லுங்கிக்குப் பேர்போன வட்டாரம். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் நகரி. அங்கேயும் அதே 'தடக் தடக்'. 1960 ஏப்ரல் 1 வரை பள்ளிப்பட்டும் திருத்தணியும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் தீர்ப்பும், 1959-ல் வந்த எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து அவற்றைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தன. கோடு இடம் மாறியது, பேச்சு மாறவில்லை. இன்றும் ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. தெலுங்கிலும் பருத்தி இழைக்கு 'நூலு' என்றுதான் பெயர். ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு தெலுங்கர் புத்தகத்தைச் சுட்டுவதில்லை. கன்னடத்திலும் இழை 'நூலு'தான், புத்தகம் வேறு. இழையையும் ஏட்டையும் இப்படி ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு அவிழாமல் இன்றுவரை வைத்திருப்பது தமிழ்.

கடைத்தெருவில் இதே சொல் வேறு வேலைகளும் பார்க்கிறது. தையல்கடைக்காரருக்கு அது துணியின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டிய கண்டு. தச்சருக்கும் கொத்தனாருக்கும் அது ஓர் அளவு: எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். "மூணு நூல் கம்பி" என்று கேட்டால் கடைக்காரர் கேள்வி கேட்காமல் 10 எம்.எம். கம்பியை எடுத்துப் போடுவார். மெட்ரிக் அளவு வந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் இந்த நூல் அறுந்துபோகவில்லை. வடநாட்டுத் தச்சர்களும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'சூத்' என்கிறார்கள். இந்தியில் அதற்கும் இழை என்றே பொருள்.

தறிக்காரரின் கணக்கு இன்னும் நுட்பமானது. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். ஆகவே நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். அரைக் கிலோவைக்கூட எட்டாத எடையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இழையை விரலில் உருட்டிப் பார்த்து நம்பரைச் சொல்லிவிடுகிற ஊர் இது.

நூல் அறியாத வீடு இருக்கலாம். நூலை வைத்துப் பேசாத வாய் இல்லை. மனசில் இருப்பதை வரவழைக்க நூல்விட்டுப் பார்க்கிறோம். நேராக இருந்தால் நூல் பிடித்த மாதிரி. விபத்தில் பிழைத்தவர் நூலிழையில் தப்பியவர். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை நூலாட்டம் இளைத்துப்போகிறது, அலைக்கழிந்தவர் நொந்து நூலாகிப்போகிறார். மெலிவு, நீளம், நேர்மை, அறுந்துவிடுமோ என்ற பயம் என்று இழையிடம் இருக்கிற குணத்தையெல்லாம் தொட்டுப் பார்த்தவர்கள்தான் இப்படிப் பேச முடியும்.

இழைக்கும் ஏட்டுக்கும் உள்ள உறவை அழகாக விளக்கியவர் பவணந்தி முனிவர். 13-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய இலக்கணத்துக்குப் பெயரே நன்னூல். அதன் பாயிரத்தில் ஏட்டுக்கு ஏன் நூல் என்று பெயர் என்பதற்கு அவர் இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று நூற்பது: சொற்கள் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் அறிவு அவள் கையிலுள்ள கதிர். மற்றொன்று தச்சு: மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை ஏடு தீர்க்கிறது. முதல் உவமையில் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. கற்றவனின் வேலையை விளக்க அவர் அரசனையோ முனிவனையோ கூப்பிடவில்லை, நூற்கிற பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வேலை எல்லாருக்கும் தெரியும், அது திறமான வேலை என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை என்பதால்தானே அந்த உவமை நிற்கிறது? பஞ்சைக் குறித்த 'பனுவல்' என்ற சொல்கூடப் பின்னால் புத்தகத்துக்கு ஆகி வந்தது. இத்தனை கொடுத்த அந்தப் பெண்ணின் பெயர்தான் எந்தப் பனுவலிலும் இல்லை.

நூலைக் கையாளும் திறம் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு தறியின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். ஆயிரக்கணக்கான பாவு இழைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் ஒன்று அறுகிறது. காதில் விழாது. கவனிக்காமல் விட்டால் துணி நெடுக மெல்லிய கோடு விழுந்து, அந்தப் பீஸுக்குக் கூலி பிடிப்பார்கள். ஓட்டுகிறவர் கையை நீட்டித் தறியை நிறுத்துகிறார். பின்பக்கம் போய், அறுந்த நுனியைத் தேடி எடுத்து, ஒரு துண்டு நூலை அதில் முடிந்து, விழுதுக் கண்ணில் நுழைத்து, அச்சின் சரியான பல்லிடுக்கில் இழுத்து, துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தறியை மறுபடி ஓட்டுகிறார். முடிச்சு பெரிதானால் அச்சில் சிக்கும், சின்னதானால் அவிழும். அதற்குள் பக்கத்துத் தறியில் ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்திருக்கும்.

இதை விட்டுப் போ என்று தறிவீட்டுத் தாய் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி அதே இடத்தில் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். சத்தத்தில் காது மந்தமாவதையும், பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்குவதையும் அனுபவித்திருக்கிறாள். தறியைப் பாடிப் புகழ்கிறவர்கள் தம் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்புவதில்லை. ஆகவே கேள்வி போவதா, இருப்பதா என்பதல்ல. போகிற பிள்ளை எதை நினைத்துக்கொண்டு போகிறது என்பதுதான். 'அப்பா தறி ஓட்டுறார்' என்பதைக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதும்போது கை தயங்குகிறதே, அந்தத் தயக்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? தறி அல்ல. படித்தால்தான் மனிதன், படிக்காவிட்டால் 'இதுதான் கதி' என்று தறியைக் காட்டிப் பயமுறுத்திய பேச்சு; அதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு, வீட்டுக்கும் பங்குண்டு. ஒரு வேலையிலிருந்து விடுபடுவது வேறு, அதை இழிவாக நினைப்பது வேறு. முதலாவதைச் சொல்ல வந்து, பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்லிவிடுகிறோம்.

பாவு தீர்ந்துபோனால் புதுப் பாவைப் பழையதோடு பிணைப்பார்கள். விடுமுறைக்கு வந்திருக்கிற கல்லூரிப் பெண் அம்மாவோடு தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்கிறாள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று. இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. அம்மா நாலு பிணைப்பதற்குள் மகளால் ஒன்றுதான் முடிகிறது. "மெதுவா, இழை வரிசை மாறிடப் போவுது," என்கிறாள் அம்மா. மகள் தலையை நிமிர்த்தாமல் அடுத்த இழையைத் தேடுகிறாள்.